சனிக்கிழமை குவாட்டர்

அன்புள்ள மகனுக்கு,

"தினமுமா குடிக்கிறேன், சனிக்கிழமை மட்டும்தானே" என்கிறாய். போனில் இதற்குப் பதில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்கைப் பார். பிராந்தியோ விஸ்கியோ, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லி குவாட்டரில் அது 77 மில்லி ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஒரே தடவை உட்கார்ந்து 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தால், அதை மிதமிஞ்சிய குடியாகத்தான் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சோடா எவ்வளவு ஊற்றினாலும் அந்த 60 குறையாது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலிலும் 40 கிராம் இருக்கிறது.

ஆறு நாள் சும்மா இருந்தது இதயத்துக்குக் கணக்கில்லை, ஒரே இரவில் எவ்வளவு இறங்கியது என்பதுதான் கணக்கு. வார இறுதியில் நிறையக் குடித்தபின் இதயத்துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பற்றி 1978இல் அமெரிக்காவில் எட்டிங்கர் குழுவினர் எழுதி, அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்றே பெயர் வைத்தார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இளவயது இதற்குக் காப்பு இல்லை.

உன் அறையில் இருக்கும் பையன் தினமும் குடிக்கிறான் என்றாயே, அவன் நிலை இன்னும் மோசம். தினம் 80 கிராமுக்கு மேல், ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் இதயத் தசையே பழுதாகிவிடலாம். ஆல்கஹாலும், அது உடைந்து உண்டாகும் அசெட்டால்டிஹைடும் தசைக்கு நேரடி விஷம். இடது கீழறை பெருத்துத் தொய்ந்துவிடும், ரத்தத்தைத் தள்ளத் திராணி இருக்காது. படியேறினால் மூச்சு வாங்கும், கணுக்கால் வீங்கும், படுத்தால் திணறும். இந்தக் கட்டத்திலும் அடியோடு நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் இதயம் தேறுகிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு, அவனிடம் சொல்.

ஆனால் தினமும் குடிப்பவன் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு நாளில் உளறல், காய்ச்சல், பிரமை என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில், மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

2019இல் மட்டும் உலகில் மதுவால் இறந்த 26 லட்சம் பேரில் 4,74,000 பேர் இதய, ரத்தநாள நோயால் போனவர்கள்.

நீ செய்ய வேண்டியது: இந்தச் சனிக்கிழமை குடிக்கப் போகாதே. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணு. தப்பித் தப்பி அடித்தால் அன்றே ஈ.சி.ஜி. எடு. நெஞ்சு வலி, மயக்கம், வாய் கோணல் என்றால் யோசிக்காமல் 108. எப்படியும் இந்த மாதத்துக்குள் பி.பி., ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) மூன்றையும் பார்த்துவிடு. எவ்வளவு குடிக்கிறாய் என்று டாக்டர் கேட்டால் குறைத்துச் சொல்லாதே. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. செலவுக்குப் பணம் வேண்டுமானால் கேள்.

அன்புடன்,
அப்பா