தண்ணீர் வடித்த கரியைப் பாத்தியில் கொட்டாதீர்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் உமிக்கரி வாங்கும் அக்கா ஒருவர் போன கிழமை பேச்சுவாக்கில் சொன்னார், ஆறு மாதமாகக் கிணற்றுத் தண்ணீர் வடித்த கரியை வளவில் கீரைப் பாத்தியில் கொட்டிக் கிளறிவிட்டாராம், கரி பயிருக்கு நல்லதுதானே என்று. பிழை அவருடையது இல்லை. தண்ணீர் வடித்த கரியில் அந்தத் தண்ணீரிலிருந்த ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் தங்கியிருக்கலாம், அதைப் பாத்தியில் கொட்டக்கூடாது என்று விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி வரும். பெரும்போக அறுவடை முடிந்தால் சம்மாந்துறைப் பக்கம் மில்களுக்குப் பின்னால் அது குவிந்து கிடக்கும். அதைக் காற்று அதிகம் புகாத பரலில் 400, 500 பாகை வரை சூடாக்குகிறோம். காற்றுப் புகுந்தால் வெள்ளைச் சாம்பல்தான் மிஞ்சும். சரியாக வெந்தது உமியின் வடிவம் கெடாமல் கறுத்திருக்கும், விரலால் நசுக்கினால் நொறுநொறுவென்று உடையும்.

ஈயம், கட்மியம், செம்பு எல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும்போது நேர்மின்னேற்றம் உள்ளவை, கரியின் துளைச் சுவர்களில் எதிர்மின்னேற்றம் உண்டு, அதனால் போய் ஒட்டிக்கொள்கின்றன, கரியிலிருந்த கல்சியமும் பொட்டாசியமும் அவற்றுக்கு இடம் விட்டு வெளியேறும். ஈயம் கரியிலுள்ள காபனேற்றோடும் பொசுபேற்றோடும் சேர்ந்து கரையாத உப்பாகவும் படியும். ஆசனிக்கு (ஆர்சனிக்) என்ற நஞ்சு அப்படி இல்லை, வெறும் உமிக்கரியில் அது சரியாகப் பிடிபடாது, இரும்பு ஏற்றிய கரி வேண்டும், அதை நாங்கள் செய்வதில்லை. உவர்ப்பும் போகாது. கிருமிக்குக் கொதிக்க வைப்பதுதான் வழி.

இன்னொன்று, குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதைக் கண்ணோ நாக்கோ அறியாது. ஒருமுறையாவது ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், அதன் பிறகு கரி வாங்கலாம்.

சரி, பாத்தி விஷயத்துக்கு வருகிறேன். கரி உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். புளிப்பு ஏறினால் பிடி தளரும். ஆய்வுகூடங்களில் கரியை மீளப் பாவிக்க அமிலத்தில் கழுவுவதே இதனால்தான். மண் புளித்தாலும் அதே கதை, கீரையோ கட்மியத்தை இலைவரை ஏற்றிவிடக்கூடிய பயிர். எரிக்கவும் வேண்டாம், ஈயம் சாம்பலில் தங்கும், கட்மியம் புகையோடு கிளம்பும். வயலுக்கென்று எங்களிடம் வாங்கிய கரி தண்ணீர் வடிக்காதது, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பாவித்த கரியை ஈரத்தோடே பையில் கட்டிக் கொண்டு வாருங்கள், புதுக் கரியில் கால்வாசி விலை குறைத்துத் தருகிறோம். பழையதை மூடியுள்ள பரல்களில், மழை படாத கொட்டிலில் வைக்கிறோம்.

அந்த அக்காவின் பாத்தியிலிருந்து மேல்மண்ணோடு கரியை வாரி எடுக்க வருகிற சனிக்கிழமை எங்கள் பையன்கள் இரண்டு பேர் போகிறார்கள். உங்கள் வீட்டிலும் கொட்டியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், உங்களிடமும் வருவோம். அதுவரைக்கும் அந்தப் பாத்திக் கீரையைப் பறிக்காதீர்கள்.