அது 44 கோல் அல்ல, 44 புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஃபூட்டி எனப்படும் அவுஸ்திரேலியக் கால்பந்தாட்டம் பற்றி வந்த கட்டுரையை மிக ஆவலோடு வாசித்தேன். நம்மவர் பத்திரிகைகளில் கிரிக்கெட்டைத் தாண்டி எவரும் எழுதுவதில்லை என்ற என் நெடுநாள் குறை அன்று தீர்ந்தது. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

கார்ல்ட்டனும் கொலிங்வூட்டும் மோதிய 1970 இறுதிப் போட்டியின் இடைவேளையில் கார்ல்ட்டன் அணி “44 கோல் பின்தங்கி” இருந்ததாக அச்சாகியிருக்கிறது. 44 கோல் அல்ல, 44 புள்ளி. இந்த ஆட்டத்தில் நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளி. சற்றே விலகி, ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் நடுவே போனால் ‘பிஹைண்ட்’, அதற்கு 1 புள்ளிதான். ஆக 44 என்பது ஏழு கோலும் இரண்டு பிஹைண்டும். அதுவே பெரிய இடைவெளிதான்.

அச்சுப் பிழையை விடுங்கள். இடைவேளையில் கார்ல்ட்டன் பயிற்சியாளர் ரொன் பராசி பேசிய வீரவுரையே வெற்றியைத் தந்தது என்ற கட்டுரையாளரின் முடிவைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. பேச்சில் தோற்ற ஆட்டம் வெல்லுமென்றால் நம் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் எப்போதோ உலகக் கிண்ணம் தூக்கியிருக்கும்.

ஸ்கோரைப் பாருங்கள். இடைவேளையில் கொலிங்வூட் 10 கோல், 13 பிஹைண்ட், மொத்தம் 73. கார்ல்ட்டன் 4 கோல், 5 பிஹைண்ட், மொத்தம் 29. முதல் கால்பகுதியில் கார்ல்ட்டனுக்கு ஒரு கோல்கூட இல்லை, மூன்று பிஹைண்ட் மட்டும். எல்லோரும் அந்த 44ஐப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது கொலிங்வூட்டின் அந்த 13ஐ. அதில் மூன்றே மூன்று உள்ளே போயிருந்தால் அன்று மாலை கிண்ணம் வேறு வீட்டுக்குப் போயிருக்கும். ஆட்டம் முடிந்தபோது கார்ல்ட்டன் 17 கோல் 9 பிஹைண்ட், 111. கொலிங்வூட் 14 கோல் 17 பிஹைண்ட், 101. கொலிங்வூட் 31 தடவை கம்பங்களுக்குள் பந்தை அனுப்பியது, கார்ல்ட்டன் 26 தடவைதான். அதிகம் அனுப்பியவர்கள் தோற்றார்கள்.

ஃபூட்டியில் இத்தனை வேகமாக ஆட்டம் திரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குப் பழகிய உதைபந்தாட்டத்தில் கோல் வாங்கியவனுக்குத்தான் அடுத்து பந்து கிடைக்கும். இங்கே அப்படியில்லை. கோல் விழுந்ததும் பந்து மைதானத்தின் நடுவுக்குப் போகும். அந்நாளில் நடுவர் அதை ஓங்கித் தரையில் அடித்து மேலே எழுப்புவார். இரு அணியின் நெட்டையர்களும் துள்ளிப் போட்டி போடுவார்கள். கோல் அடித்தவனே அடுத்த பந்தையும் பறிக்கலாம், அதற்கடுத்ததையும் பறிக்கலாம். பிஹைண்ட் போட்டாலோ பந்து எதிரணியின் கைக்கே போய்விடும். அதாவது ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு பந்தைத் தாரை வார்க்கிறோம். மூன்றாம் கால்பகுதியில் கார்ல்ட்டன் 8 கோல் போட்டது, ஒரு பிஹைண்டும் இல்லை. ஒவ்வொரு கோலுக்கும் பந்து நடுவுக்கு வந்தது, கொலிங்வூட்டுக்கு மூச்சு விட நேரமில்லை. அந்தக் கால்பகுதி முடிவில் இடைவெளி 17 புள்ளி.

பராசிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கொடுத்த கட்டளை இரண்டே சொல்லில் அடங்கும்: கையால் தட்டுங்கள். ஹேண்ட்போல் என்றால் ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்திப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுப்பது. அந்நாளில் அது வேறு வழியில்லாதவன் செய்யும் வேலை. அதையே தாக்குதலுக்கு எடுத்து வந்தார்கள். அன்றே ஆட்டத்தின் முகம் மாறியது என்பது கொஞ்சம் ஊதிப் பெருப்பித்த கதை என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கட்டும்.

இன்னொரு முடிவும் அந்த இடைவேளையில்தான் எடுக்கப்பட்டது. முதற்பாதி முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த 19ஆவது ஆட்டக்காரர் டெட் ஹொப்கின்ஸ் உள்ளே வந்தார். அன்று ஒருவரை வெளியே எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப அனுப்ப முடியாது. வந்தவர் நான்கு கோல் போட்டார். இதே மனிதர் பின்னாளில் ஃபூட்டியின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் சாம்பியன் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கினார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

கார்ல்ட்டன் ஆட்டக்காரர் ஜெசலென்கோவின் பெயர் இருந்தது, அதுவரை சந்தோஷம். எதிராளியின் தோளுக்கு மேல் எழும்பி அவர் பிடித்த அந்த ‘மார்க்’ (உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடிப்பது) இன்றும் தொலைக்காட்சியில் ஓடுகிறது. ஆனால் அது இரண்டாம் கால்பகுதியில், கார்ல்ட்டன் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது பிடித்தது. கட்டுரையில் உள்ளதுபோல் வெற்றிக் கணத்தில் அல்ல. ஒஸ்திரியாவில் பிறந்து குழந்தையாகக் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர் அவர் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நாங்களும் வந்து சேர்ந்தவர்கள்தானே.

என் பக்கத்து வீட்டுக்காரர் பரம்பரைக் கொலிங்வூட்காரர். 12 வயதில் தகப்பனோடு எம்.சி.ஜி. மைதானத்தில் அன்று நின்றவர், அந்த 1,21,696 பேரில் ஒருவர். இடைவேளையில் தகப்பன் தேநீர்க் குடுவையைத் திறந்து, மூடியில் ஊற்றி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கார்ல்ட்டன் ஆளுக்கும் ஒரு வாய் கொடுத்தாராம். இரக்கத்தில் கொடுத்த தேநீர் அது. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது குடுவை தகப்பன் கையில்தான் இருந்தது, மூடியைக் காணவில்லை. வீடு போய்ச் சேரும்வரை ஒரு சொல் பேசவில்லையாம். கொலிங்வூட் அடுத்து கிண்ணம் வென்றது 1990இல். 20 வருடம்.

என் கணக்குக்கும் ஓர் இடி 2018இல் விழுந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்த இறுதிப் போட்டியில் முதல் ஐந்து கோலும் கொலிங்வூட்டுடையது. எதிரே மேற்கு அவுஸ்திரேலியாவின் வெஸ்ட் கோஸ்ட் அணி. ஆமைபோல் தொடங்கியவர்கள் மெல்ல மெல்ல நெருங்கினார்கள். இரண்டு நிமிடமும் மிச்சமில்லாத நேரத்தில் டொம் ஷீட் எல்லைக்கோட்டை ஒட்டிய கடும் கோணத்திலிருந்து உதைத்தது நேரே உள்ளே போயிற்று. 79க்கு 74. இரு அணிக்கும் 11 கோல்தான். வெஸ்ட் கோஸ்ட்டுக்கு 13 பிஹைண்ட், கொலிங்வூட்டுக்கு 8. நான் வீண் என்று திட்டும் அந்த ஒற்றைப் புள்ளிகள்தான் அன்று கிண்ணத்தைக் கொடுத்தன! பக்கத்து வீட்டில் அன்றிரவு விளக்கு எரியவில்லை.

தயவுசெய்து அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். உங்கள் கட்டுரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். 44 கோல் முன்னிலை என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். “அவ்வளவு இருந்திருந்தால் நாங்கள்கூடத் தோற்றிருக்க மாட்டோம்” என்றார். பிறகு வேலிமேல் கையூன்றி, கொஞ்சம் யோசித்து, “நிச்சயமாகச் சொல்ல முடியாது” என்றார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
டண்டினோங், மெல்பேர்ண்.