மாதிரி ரயில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

செயற்குழு வழக்கம்போலக் கூடியது. ஆயுத பூஜை நடந்தது. பள்ளிக் கண்காட்சியில் நம் ரயில்கள் ஓடின.

அடுத்து, சங்கத்துக்காக நான் செய்துவரும் டிராம் எஞ்சின் மாதிரி. “சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் மாட்ட இவ்வளவு செலவா?” என்று குழுவில் கேட்டார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தின் விஸ்பெக்–அப்வெல் சாலையோரப் பாதைக்கு 1903-இல் ஜேம்ஸ் ஹோல்டன் வடிவமைத்த ஆறு சக்கர எஞ்சின்தான் அதன் அசல். வெறும் பெட்டியாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. சாலை நிறையக் குதிரை வண்டிகள் ஓடிய காலம். முன்னும் பின்னும் அடிக்கும் தண்டுகளைக் கண்டால் குதிரை மிரளும். எனவே 1879 சட்டத்தையொட்டி பிரிட்டனில் வந்த டிராம் விதிகள், தண்டவாளத்துக்கு 4 அங்குலம் மேல்வரை தகடு இறங்கி இயந்திரத்தை மறைக்க வேண்டும் என்றன. வேகம் மணிக்கு 10 மைலைத் தாண்டினால் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே நீராவியை அடைத்து பிரேக் போட வேண்டும். புகையும் கண்ணில் படக்கூடாது. நகர டிராம்களில் புகை குறைந்த கோக் கரியை எரித்து, கழிவு நீராவியைக் கூரைமேல் குழாய்களில் குளிரவைத்தது இதற்காகத்தான். சாலையோரத்தில் எஞ்சினைத் திருப்ப ஏது இடம்? அதனால் இரு முனையிலிருந்தும் ஓட்டும்படி இரண்டிலும் ரெகுலேட்டர் (நீராவியைத் திறந்து மூடும் கைப்பிடி), பிரேக்.

“மறைந்திருக்கும் வால்ஷேர்ட்ஸ் தண்டுகளை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றும் கேட்டார்கள். சிலிண்டருக்குள் நீராவி போய்வருவதை இயக்கும் தண்டுகள் அவை. பக்கத் தகட்டுக்குக் கீல் வைத்திருக்கிறேன், தூக்கிப் பார்க்கலாம். தகட்டின் ஆணித் தலைகள் ஒவ்வொன்றும் மெல்லிய பித்தளையில் பின்பக்கமிருந்து ஊசியால் குத்தி எடுத்தவை. வலப்பக்கத் தண்டு மட்டும் தகட்டில் லேசாக உரசுகிறது; லேத்தில் ஒரு புஷ் (துளைக்குள் பொருத்தும் சிறு உலோக வளையம்) கடைந்து போட்டால் சரியாகிவிடும்.

கடைய ஆள்தான் இல்லை. ஞாயிறு பணிமனைக்கு மூன்று பேர் வருகிறோம், அதில் ஒருவர் காபிக்கு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள்தான் செலவைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். பெயர் சொல்லவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சிறு பற்றாக்குறையைத் தற்காலிகமாகக் கைக்காசு போட்டு அடைத்தவர்தான் இந்த அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இடம் தந்தவர், தணிக்கையாளர், தேநீர் தந்த குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சி. எஞ்சின் வேலையை மட்டும் நானே முடித்துத் தருகிறேன். மோட்டாரும் மணியும் இன்னும் வாங்கவில்லை. பாக்கிச் சந்தா வந்தால் தை மாதத்துக்குள் ஓட்டிவிடலாம். ஜிபே எண் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

செயலாளர்