எல்லாமே ஜோடனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த போர்க்காலப் புகைப்படங்கள் பற்றிய கட்டுரை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க மரைன் வீரர்கள் கொடி நாட்டும் படத்தையும், பெர்லினில் ராய்க்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி பறக்கும் படத்தையும் 'ஜோடனை' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறது. அவை இரண்டும் ஒன்றல்ல.

1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமாவின் சுரிபாச்சி மலையுச்சியில் முதலில் ஏற்றப்பட்ட கொடி சிறியதாக இருந்ததால், அதை இறக்கிவிட்டுப் பெரிய கொடியொன்றை ஏற்றினார்கள். புகைப்படக்காரர் ஜோ ரோசந்தால் படமெடுத்தது இந்த இரண்டாவது கொடியை. அவர் யாரையும் நிற்க வைக்கவில்லை என்பதற்கு, அருகிலேயே நின்று அதே காட்சியைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்த பில் ஜெனாஸ்டின் படம் சாட்சியாக இருக்கிறது. பின்னர் ஒருவர், வீரர்களை நிற்க வைத்து எடுத்தீர்களா என்று கேட்டபோது, கொடியின் கீழே அவர்களைக் கூட்டமாக நிறுத்தி எடுத்த வேறொரு படத்தை மனத்தில் வைத்து ரோசந்தால் ஆம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் அவரை ஆயுள் முழுவதும் துரத்தியது.

அந்தப் படத்தைச் சுற்றி நேர்ந்த மெய்யான பிழை பெயர்களில்தான் இருந்தது. கொடி நாட்டிய அறுவரின் அடையாளம் 1947, 2016, 2019 என மூன்று முறை திருத்தப்பட்டது. அவர்களில் ஒருவரான ஹெரால்ட் ஷுல்ட்ஸ், அந்தப் பெருமையைப் பொதுவெளியில் கோராமலேயே 1995இல் இறந்துபோனார். கட்டுரை இதைத் தொடவே இல்லை என்பது எனக்கு வியப்பளித்தது.

பெர்லின் படத்தின் கதை வேறு. சோவியத் புகைப்படக்காரர் யெவ்கேனி கால்தேய், மாஸ்கோவில் சிவப்பு மேசைவிரிப்புத் துணியில் தைத்த கொடியைத் தாமே கொண்டுசென்று, சண்டை ஓய்ந்த பின் வீரர்களைக் கூரைக்கு அழைத்துப்போய் எடுத்த படம் அது. ஒரு வீரரின் இரு மணிக்கட்டுகளிலும் கைக்கடிகாரம் தெரிந்தது கொள்ளையடித்ததாகத் தோன்றும் என்பதால் ஒன்று சுரண்டி அழிக்கப்பட்டது. வானில் புகையும் கூட்டப்பட்டது. இதை ஜோடனை என்றால் எனக்கு மறுப்பில்லை.

தங்கள் கட்டுரையில் அந்தப் படத்தின் கீழே 'ஏப்ரல் 30' என்று அச்சாகியிருக்கிறது. சோவியத் படையான செஞ்சேனையினர் அங்கு முதன்முதலில் கொடி ஏற்றியது அன்றிரவு. கால்தேய் படமெடுத்ததோ மே 2 அன்று. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்