எத்தனை இன்ச் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் நாங்கள் விற்கும் ஒவ்வொரு வூஃபரின் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரின்) அட்டையிலும் இன்ச் அளவுக்குப் பக்கத்தில் மூன்று எண்களைச் சேர்த்து எழுதுகிறோம். கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) ஒரு பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் ஓடும், வூஃபரின் இயற்கை அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) எத்தனை ஹெர்ட்ஸ், அதை எத்தனை லிட்டர் பெட்டியில் பொருத்த வேண்டும் என்பவைதான் அவை. எதற்கு இந்தக் கூடுதல் கணக்கு என்று சிலர் கேட்டீர்கள். கடையில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

பேஸ் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது எத்தனை இன்ச்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியைக் கேட்காததால் எவ்வளவு ஏமாற்றம் வருகிறது என்பதைப் பழுது பார்க்கும் மேசையில் அடிக்கடி பார்க்கிறோம்.

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் 12 இன்ச் வூஃபர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேறு இடத்தில் வாங்கியது. சத்தத்தைக் கூட்டினால் 'டக் டக்' என்று இடிக்கிறது, காயில் (கோனை அசைக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கருகிவிட்டதா பாருங்கள் என்றார். கோனைப் பிரித்து எடுத்தோம். காயில் கருகவில்லை. ஆனால் காயில் சுற்றிய குழலின் அடிவிளிம்பு ஒரு பக்கமாக மடங்கிப் போயிருந்தது. காந்தத்தின் பின்தட்டில் போய்ப் போய் இடித்த தழும்பு அது. வெர்னியர் வைத்து அளந்தோம். செம்புச் சுற்றின் உயரம் 12 மில்லிமீட்டர். அது ஓடுகிற காந்த இடைவெளியின் மேல்தட்டு 8 மில்லிமீட்டர் தடிமன்.

இந்த இரண்டு எண்களில்தான் அந்த வூஃபரின் கதை முழுவதும் இருக்கிறது. 12-இலிருந்து 8 போனால் 4. அதில் பாதி மேலே, பாதி கீழே. அதாவது கோன் முன்னால் 2 மில்லிமீட்டர், பின்னால் 2 மில்லிமீட்டர் ஓடும்வரைதான் காந்தத்தின் பிடி ஒரே சீராக இருக்கும். அதைத் தாண்டினால் சுற்றுகள் காந்தப் புலத்தை விட்டு வெளியே வருகின்றன, பிடி தளர்கிறது, ஒலி சிதைகிறது. இன்னும் தள்ளினால் அவர் கேட்ட அந்த 'டக் டக்'.

அன்றைக்கு அதே மேசையில் ஒரு 8 இன்ச் வூஃபரும் பிரித்தபடி கிடந்தது. அதன் செம்புச் சுற்று 24 மில்லிமீட்டர், தட்டு அதே 8. ஆக, ஒரு பக்க ஓட்டம் 8 மில்லிமீட்டர். இப்போது பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். 12 இன்ச் கோனின் பயன்படும் பரப்பு சுமார் 510 சதுர சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் ஓடினால் 102 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். 8 இன்ச் கோனுக்குப் பரப்பு சுமார் 215 தான். ஆனால் 8 மில்லிமீட்டர் ஓடுவதால் 172 கன சென்டிமீட்டர் தள்ளும். அடி பேஸில் அந்தச் சின்ன வூஃபர்தான் நான்கு டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தரக்கூடியது. வாடிக்கையாளரிடம் இரண்டின் காயிலையும் கையில் கொடுத்துச் சுற்றின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்காகப் பெரிய வூஃபர் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அதே 8 மில்லிமீட்டர் ஓடுகிற நல்ல 12 இன்ச் இருந்தால் அது 400 கன சென்டிமீட்டருக்கு மேல் தள்ளும். மேலே சொன்ன இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பரப்பு பெரிது, ஓட்டமும் நீளம் என்றால் அதற்கு ஈடில்லை.

பேஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காற்று வேண்டும்? ஒரு விசிறியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். காற்று விசிறியின் ஓரமாக நழுவி ஒதுங்கிவிடும். வேகமாக வீசினால்தான் அதற்கு ஒதுங்க நேரம் இல்லாமல் தள்ளப்படும். பேஸ் என்பது மெதுவான அசைவு. வேகத்தில் விட்டதை அளவில் பிடிக்க வேண்டும். கணக்கு கறாரானது: அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு ஓட வேண்டும்.

அந்த 8 இன்ச் வூஃபரை மூடிய பெட்டியில் வைத்து, பெட்டியைத் தரையில் நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 160 ஹெர்ட்ஸில் கோன் 0.2 மில்லிமீட்டர் அசைந்தால் போதும், கண்ணுக்கே தெரியாது. 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 40 ஹெர்ட்ஸில், அதாவது பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஒலிக்கும் இடத்தில், 3.4 மில்லிமீட்டர். 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14. அதன் எல்லையே 8 தான் என்பதால் அந்த இடத்தில் அது தோற்றுவிடும். அதே 40 ஹெர்ட்ஸை ஒரு 4 இன்ச் ஸ்பீக்கரிடம் கேட்டால் 15 மில்லிமீட்டர் ஓடச் சொல்கிறோம் என்று அர்த்தம். அந்த அளவு ஸ்பீக்கரில் அவ்வளவு ஓடுவது அபூர்வம்.

அப்படியானால் கைக்குள் அடங்கும் புளூடூத் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கிறதே என்று கேட்பீர்கள். கேட்கிறது, உண்மைதான். குறைந்த சத்தத்தில் உள்ளே இருக்கும் சில்லு பேஸைத் தூக்கிக் கொடுக்கும். சத்தம் ஏற ஏற, கோன் கிழியாமல் இருக்க அதே சில்லு பேஸைக் குறைத்துவிடும். இன்னொன்று, நம் காது. 40 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 80, 120, 160 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. அடிச்சுரம் இல்லாமல் மடங்குகள் மட்டும் வந்தாலும் மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். சுரம் புரியும், நெஞ்சில் வந்து மோதும் அந்த அழுத்தம் வராது.

"பெரிய கோன் மந்தமாக அடிக்குமாமே" என்பது அடுத்து வரும் பேச்சு. இதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே சத்தத்தில் ஒரே 40 ஹெர்ட்ஸை வாசிக்கும்போது 12 இன்ச் கோன் ஒன்றரை மில்லிமீட்டர்தான் ஓடுகிறது. சின்ன கோன்தான் அதே நேரத்துக்குள் பல மடங்கு தூரம் அலைகிறது. மந்தமாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் பொருந்தாத பெட்டி, இல்லையென்றால் அறையே ஒரு சுரத்தைப் பிடித்துவைத்து முழக்குவது. பெரிய கோனுக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. மேல் அதிர்வெண்களில் ஒலியை நேர் முன்னால் மட்டும் பாய்ச்சும், பக்கவாட்டில் உட்கார்ந்தால் குரல் மங்கிவிடும். அதனால்தான் குரலை வேறு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்.

சரி, பெட்டிக்கு வருவோம். எங்கள் தொழிலில் பாதி பெட்டிதான்.

கோனின் பின்பக்கமும் முன்பக்கம் அளவுக்கே காற்றைத் தள்ளுகிறது, ஆனால் எதிர்த் திசையில். பெட்டி இல்லாமல் வூஃபரை ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டியில் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைத் திருப்பித் தள்ளுகிறது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைப்பாகிறது, வூஃபரின் இயற்கை அதிர்வெண் மேலே ஏறுகிறது, அடி பேஸ் போய்விடுகிறது. 1954-இல் அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் இதையே சாதகமாக்கினார். கோனைத் தளர்வாகத் தொங்கவிட்டு, காற்றின் ஸ்பிரிங்கையே முதன்மையாக நம்பினார். ஒரு 12 இன்ச் வூஃபர் அலமாரியில் வைக்கும் பெட்டிக்குள் அடங்கியது அப்படித்தான். விலையாக ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது: அதற்கு நிறைய சக்தி உள்ள ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தேவைப்பட்டது.

இந்தக் கணக்கை ஸ்பீக்கர் பொறியாளர் ஆன்டன் ஹாஃப்மன் விதியாகவே சொல்லிவைத்தார். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறைய சத்தம். மூன்றில் இரண்டைத்தான் வாங்கலாம், மூன்றாவதை விட வேண்டும். மூன்றும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்குவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களிடம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

துளை வைத்த பெட்டி கொஞ்சம் வேறு மாதிரி. போர்ட் (அந்தத் துளையில் வைக்கும் குழாய்) ஒத்திசைந்திருக்கும் அதிர்வெண்ணில் ஒலியை அந்தக் குழாயே எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் கோனைப் பார்த்தால் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். குழாய் வாயில் கையை வைத்தால் காற்று குபுகுபுவென்று வரும். ஆனால் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைத் தாங்க எதுவும் இல்லை, கட்டறுத்தது போல் அலையும். சின்னப் பெட்டியில் போர்ட் வைத்து, கண்டபடி பேஸ் பூஸ்ட்டை ஏற்றியதால் கிழிந்து வந்த வூஃபர்கள் எங்களிடம் நிறைய. எந்த வூஃபருக்கு எந்தப் பெட்டி என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்று காட்டியவர்கள் பொறியாளர்கள் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீல் ஆஸ்திரேலியாவில் 1961-இல் எழுதிய கட்டுரையின் வழியில்தான் இன்றைக்கும் பெட்டி அடிக்கிறோம்.

வாட்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அட்டையில் இருக்கும் வாட்ஸ், காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான எண். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் மின்சாரத்தில் அரை சதவீதம்கூட ஒலியாவதில்லை, மீதி எல்லாம் சூடு. காயிலின் சூடு 200 டிகிரி ஏறினால் அதன் மின்தடை சுமார் 1.8 மடங்காகிவிடும், பிறகு வால்யூமைத் திருப்பினாலும் சத்தம் அந்த அளவுக்கு ஏறாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேஸ் வரவில்லை என்றால், புதிதாக வாங்க வருவதற்கு முன் வயரைப் பாருங்கள். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் காணாமல் போகும். ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை அந்த முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் தொட்டால் இரண்டு வூஃபரும் வெளிப்பக்கம் நகர வேண்டும். அப்புறம் பெட்டியை மூலைக்குத் தள்ளிப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் அலை எட்டரை மீட்டர் நீளம், சுவர்களில் பட்டுத் திரும்பி அறையில் சில இடத்தில் கூடும், சில இடத்தில் குறையும். நீங்கள் உட்காரும் இடத்தை ஒரு அடி, இரண்டு அடி மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

பழைய பெட்டிக்கு வூஃபர் மட்டும் மாற்ற வருகிறவர்கள் பெட்டியின் உட்புற நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். போர்ட் இருந்தால் அதன் விட்டமும் நீளமும் வேண்டும். இருந்த வூஃபர் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கூடவே கொண்டுவாருங்கள். அதன் காயிலை அளந்துவிட்டுப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் ஸ்பீக்கர் கடையினர்