மகளிர் மன்ற ஆண்டறிக்கை, 2024–25

தலைவி அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள்.

பொங்கல் கோலப்போட்டி, கொடியேற்றம், கோத்தகிரி காய்கறிக் கண்காட்சிக்குப் போய்வந்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை நீர்க்கடுப்பு முகாம். “இதையெல்லாம் மைக்கில் பேசலாமா?” என்று செயற்குழுவிலேயே முணுமுணுத்தார்கள். கொழுந்து பறிக்கும் இடத்தில் ஒதுங்க வசதியில்லை என்று நம்மில் பலர் காலை டீயையே அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தக் குளிரில் தாகமும் எடுப்பதில்லை. சாயங்காலம் வரை அடக்கினால் கிருமி உள்ளேயே பெருகும். பெரும்பாலும் அது குடலிலிருந்து வரும் ஈ.கோலைதான், நமக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால் சுலபமாக ஏறிவிடும் என்று செவிலியர் விளக்கினார். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம், ஆகவே பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குளிர்காய்ச்சலும் விலாவலியும் வந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அப்போதும் ‘உடம்புச் சூடு’ என்று பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆபத்து.

ஒரு உறுப்பினர் (பெயர் வேண்டாம்) ஐந்து நாள் மாத்திரையில் இரண்டு நாள் சாப்பிட்டு, எரிச்சல் நின்றதும் மீதியை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டார். திரும்ப வந்தபோது அந்த மாத்திரை கேட்கவில்லை. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சிறுநீரில் ‘கல்ச்சர்’ சோதனை பார்த்து வேறு மருந்து எழுதினார்கள்.

முகாமுக்குக் கைதட்டி ஒப்புதல் தந்த செயற்குழுவில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று கல்யாணம் வந்துவிட்டது. நாற்காலிகளை நானும் பொருளாளரும்தான் தூக்கினோம்.

தோட்டத்தில் கழிப்பறை வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. நிர்வாகத்திடம் வாய்விட்டுக் கேட்டோம். “பார்க்கலாம்” என்றார்கள். எழுத்தில் கொடுக்க மனு தயாராக இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன. விவரம் கேட்பவர்களுக்குப் பொருளாளர் நோட்டைக் காட்டுவார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. அவரவருக்கே தெரியும்.

செவிலியருக்கும், பந்தல் போட்டவருக்கும், இடம் தந்த கோயில் கமிட்டிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு யார் முன்வந்தாலும் நோட்டு, சாவி எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கிறேன். சரி, யாரும் வரப்போவதில்லை என்றால், மனுவில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் டீ குடிக்கப் போகும்முன் மேசைக்கு வரவும். சந்தா நோட்டும் அங்கேயே இருக்கும்.