உன் சிநேகிதிகள் முன் நான் சொல்லாமல் விட்டது

அன்பு மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே படிப்பாய். தமிழில், கடதாசியில் எழுதினால் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிக்க முடியும். இந்த விசயத்தை நீ மெதுவாக வாசிக்க வேண்டும்.

நத்தார் லீவுக்கு உன் சிநேகிதிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாய். நல்ல பிள்ளைகள். இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் நான் கீழ்மாடிப் பிள்ளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவளுடைய தம்பி, பன்னிரண்டு வயதுப் பொடியன், சுரங்க ரயில் வாசலில் காவல் நிற்கிறான். யாரோடு வந்தாள், எத்தனை மணிக்கு வந்தாள் என்று வீட்டில் சொல்வது அவன் வேலை. நான் முடிக்க முதலே நீ சுவீடிஷுக்கு மாறி, "அம்மா, இது ரஸிஸ்டுகளுக்கு எண்ணெய் வார்க்கிற கதை" என்றாய். ஒருத்தி, தான் வெள்ளைக்காரி என்பதால் இதில் கதைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று தலையைக் குனிந்தாள். மற்றவள் என்னை "ராசிஃபியேராட்", அதாவது இனமாக்கப்பட்ட பெண் என்று சொல்லி, என் அனுபவத்தை மதிப்பதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நான் ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் முதலில் அடையாள அட்டையைத்தான் பார்ப்பார்கள். பெயர் என்ன, எந்த ஊர், எந்த மொழி? ஆள் யார் என்பது அதற்குப் பிறகுதான். நீ எந்தக் கூட்டம் என்று பார்த்துவிட்டு உன் வார்த்தைக்கு விலை போடுகிற இடத்திலிருந்து தப்பி வந்தவள் நான். என் வீட்டு மேசையில், என் பிள்ளையின் சிநேகிதிகள் அன்போடு அதையே செய்ததை என்னால் தாங்க முடியவில்லை.

நான் பெண்ணுரிமைக்கு எதிரி என்று நினைக்காதே. முதியோரை வீட்டில் பராமரிக்கிற என் வேலையில், காலையில் நான் போகிற முதல் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், எண்பத்தாறு வயது. காலுக்கு இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். குதிக்காலைத் தாண்டிவிட்டால் சரி, அதுவரை இரண்டு பேருக்கும் பாடுதான். அந்த நேரத்தில் பழங்கதை சொல்வார். இளமையில் ஓரெப்ரோவில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்போது மனைவியின் சம்பளத்தைப் புருசனின் சம்பளத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்களாம். இரண்டும் சேர்ந்தால் வரி வீதம் ஏறிவிடும். "வேலைக்குப் போய் என்ன மிச்சம், வீட்டில் இரு" என்று புருசன் சொன்னாராம். 1971இல் அது மாறியது. அவரவர் உழைப்புக்கு அவரவர் வரி. "அந்த வருடம்தான் அரசாங்கத்தின் கண்ணில் நான் ஒரு ஆளானேன்" என்று அவர் சொன்னபோது நான் காலுறையைப் பிடித்தபடியே அப்படியே இருந்துவிட்டேன்.

1974இல் தகப்பனுக்கும் தாய்க்கும் பொதுவான பெற்றோர் விடுப்பு வந்தது. அதற்கு முதலே, 1965இல், மனைவியைப் பலவந்தப்படுத்துவதும் குற்றம் என்று எழுதிவிட்டார்கள். இதெல்லாம் பெண்ணை இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று பார்க்காமல் தனி ஆளாகப் பார்த்ததால் வந்தவை. இந்த நாட்டுப் பெண்கள் எனக்கு வாங்கித் தந்த பெரிய சொத்து அதுதான். இப்போது நீங்கள் பேசுகிற பெண்ணியம் அந்தத் தனி ஆளை மறுபடியும் பிடித்து ஒரு கூட்டத்துக்குள் தள்ளுகிறது. வெள்ளைக்காரி, இனமாக்கப்பட்டவள், ஆண் என்று முதலில் பிரிக்கிறீர்கள். யார் கதைக்கலாம், யார் வாய் மூட வேண்டும் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்கிறீர்கள்.

2018இல் யோத்தபோரியில் ஆண்கள் வரக்கூடாத ஒரு இசை விழா நடத்தினார்களே. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு விழாவில் பெண்களுக்கு நடந்த கொடுமைக்கு அது பதில் என்று சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்கும். ஆனால் உன் தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. சாப்பாட்டு மேசையில் "நான் என்ன செய்தேன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு பாகுபாட்டைக் கண்காணிக்கிற அரச அலுவலகமே அது சட்டத்துக்கு மாறானது என்று சொன்னது.

அதே நேரம் எங்கள் வேலை எப்படி இருக்கிறது, பார். காலை 7 மணி முதல் 12 வரை, பிறகு மாலை 4 முதல் 9 வரை. இப்படி இரண்டாகப் பிரித்த வேலை நேரத்தை "டேலாட் தூர்" என்பார்கள். நடுவில் உள்ள நான்கு மணித்தியாலத்துக்குச் சம்பளம் இல்லை. வீட்டுக்கு வந்து படுக்கவும் முடியாது, வேறு வேலை பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு வீட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் கைபேசியில் பதிவாகும். முதியோர் பராமரிப்பில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். 2010இல் பெண்ணியக் கட்சியின் கூட்ரூன் ஷூமான் ஆண் பெண் சம்பள வித்தியாசத்தைக் காட்ட ஒரு லட்சம் குரோணரை எல்லோர் முன்னிலும் எரித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எனக்கு அது ஐந்தாறு மாதச் சம்பளம். வயிறு எரிந்தது. 2007இல் வந்த "ரூட்" வரிக்கழிவால் வசதியான வீடுகளில் துப்புரவுக் கூலியில் பாதி வரியில் கழிகிறது. அங்கே புருசனும் பெண்சாதியும் சமம் என்றால், மூன்றாவதாக ஒரு பெண் நிலம் துடைக்கிறாள் என்பதால்தான். எங்களுக்குத் தெரிந்த சந்தி என்ற அக்காவும் அப்படித் துடைத்துத்தான் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். கம்பனி இயக்குநர் சபையில் எத்தனை பெண்கள் என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். நடுப்பகல் நான்கு மணித்தியாலத்தைப் பற்றி அவ்வளவு சத்தம் நான் கேட்கவில்லை.

தன்னை உலகின் முதல் பெண்ணிய அரசு என்று அழைத்த அப்போதைய சுவீடன் அரசின் வணிக அமைச்சர், ஒரு பெண், 2017இல் ஈரானுக்குப் போனார். அவரும் கூடப் போன பெண்களும் தலையை மூடிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அங்கே சட்டம் அப்படி என்று விளக்கம் சொன்னார்கள். என்னோடு வேலை செய்கிற ஈரானிய அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். அந்தத் துணியைக் கழற்றியதற்காக அவருடைய தங்கை அடி வாங்கியவர். அன்றைக்கு அவர் கோப்பியைக் குடிக்கவே இல்லை.

இனி ஃபாதிமெயைப் பற்றி. நான் சுவீடிஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 2001 நவம்பரில் அந்தக் குர்திஷ் பிள்ளை நாடாளுமன்றத்தில் நின்று, தான் விரும்பியவனோடு பழகியதற்காகக் குடும்பம் தன்னைத் துரத்துவதைச் சொன்னாள். இரண்டு மாதத்தில், 2002 ஜனவரி 21ஆம் திகதி, உப்சாலாவில் தகப்பனே அவளைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு இங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களுக்கும் செய்கிற வன்முறைதான் இது, தனியாகப் பெயர் சொன்னால் குடியேறியவர்களைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்றார்கள் பலர். மானத்தின் பெயரால் செய்கிற ஒடுக்குமுறையைத் தனிக் குற்றமாகச் சட்டத்தில் எழுத 2022 ஜூன் வரை ஆனது. இருபது வருடம், பிள்ளை.

மானம் என்ற சொல்லை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் சின்னம்மாவின் மகள் வேறு சாதிப் பொடியனை விரும்பினாள் என்று ஆறு மாதம் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவளைக் கனடாவுக்குக் கட்டிக் கொடுத்த பிறகும் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று அன்றைக்கு எங்கள் வாயை மூடினார்கள். இனத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று இன்றைக்கு நீ மூடச் சொல்கிறாய்.

குடியேறியவர்களுக்கு எதிரான கட்சியான சுவீடன் டெமொக்ராட்டர் இந்தக் கதைகளை எடுத்து எங்கள் மேலேயே எறிவார்கள் என்பது எனக்கும் தெரியும். 2022இல் ஐந்தில் ஒருவர் அவர்களுக்கு வாக்குப் போட்டார்கள். பஸ்ஸில் யார் போட்டிருப்பார் என்று நானும் முகங்களைப் பார்த்தேன். அவர்கள் கீழ்மாடிப் பிள்ளைக்காக அழுகிறவர்கள் இல்லை. ஆனால் நீயும் உன் சிநேகிதிகளும் அவளைப் பற்றிக் கதைக்க மாட்டோம் என்றால், அவளைப் பற்றிக் கதைக்க அவர்கள் மட்டும்தானே மிஞ்சுவார்கள்?

போன கிழமை லிஃப்டில் அவளைக் கண்டேன். தம்பி கூட இல்லை. "உங்கள் மகள் லுண்டில் தனியாகவா இருக்கிறாள்? எப்படி விட்டீர்கள்?" என்று கேட்டாள். நான் விடவில்லை, அவள் போனாள் என்றேன். சிரித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, அங்கே அறை கிடைக்குமா என்றெல்லாம் வேக வேகமாகக் கேட்டாள். கதவு திறக்கிற நேரம் உன் நம்பரைக் கேட்டாள். உன்னைக் கேட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் நான் சும்மாதான் இருப்பேன். அப்போது எடு. அவளுக்கு நம்பரைக் கொடுக்கட்டுமா என்று சொல்லு.

அன்புடன்,
அம்மா